வாங்கிக் கொடுப்பவர் யார்? நீலகிரியில் இளைஞர் குடியும் ஊரார் செய்யக்கூடியதும்

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாத யாருக்கும் மது விற்கக் கூடாது. 2003ஆம் ஆண்டின் சில்லறை விற்பனை விதிகளிலேயே இது இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் சட்டம் இன்னும் கடுமையாகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆம் பிரிவின்படி, மருத்துவர் எழுதித் தராமல் ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ மது கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தப் பிரிவு பிடிப்பது கடைக்காரரை மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மது கொடுத்தவர் யாராயிருந்தாலும் அதற்குள் வருவார். அண்ணன், மாமா, கூட வேலை செய்கிற டிரைவர் எல்லோரும் அடக்கம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கத்துச் சிற்றூர்களில் பதினாறு, பதினேழு வயதுப் பையன் தானே டாஸ்மாக் கவுன்டரில் போய் நிற்பது குறைவு. சின்ன ஊர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவன் அப்பாவைத் தெரிந்தவர்கள். அவனுக்குப் பாட்டில் வருவது தெரிந்த கைகள் வழியாக. சீசன் வேலைக்குக் கூட்டிப்போகிற அண்ணன் வாங்கித் தருகிறான். கல்யாண வீட்டின் பின்பக்கம் பெரியவர்கள் விட்டுப்போன பாதி பாட்டில் கிடைக்கிறது. லோடு ஏற்றிய கூலியோடு 'வைத்துக்கொள்' என்று ஒரு குவார்ட்டரும் கைக்கு வருகிறது. கடை இல்லாத ஊரில் சந்துக்கடைக்காரர் கூடுதல் விலைக்கு விற்கிறார். அவர் வயது கேட்பதில்லை.

கடைகள் எத்தனை, வருமானம் எத்தனை கோடி என்ற கணக்கைச் சுற்றியே நம் மது எதிர்ப்புப் பேச்சு நடக்கிறது. அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் ஒரு ஹட்டியோ (படுகர் ஊர்), எஸ்டேட் லைனோ (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), ஆதிவாசி ஊரோ யாரிடமும் அனுமதி கேட்காமல் தானே மாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. பெரியவர் கையிலிருந்து இளையவர் கைக்குப் பாட்டில் போகும் இடம் அது. ஊர் தன் முதல் உழைப்பை அங்கேதான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

'அளவாகக் குடித்தால் ஒன்றும் இல்லை' என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அந்த அளவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தியோ ரம்மோ, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். எடையாக மாற்றினால் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று தனியாக வகைப்படுத்துகிறது. விபத்து, அடிதடி, தற்கொலை முயற்சி போன்ற உடனடித் தீங்குகள் இந்த வகைக் குடியோடுதான் அதிகம் சேர்ந்து வருகின்றன. 'ஒரு குவார்ட்டரோட நிறுத்திட்டேன்' என்று நம் ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அந்த அளவே மிகைக்குடியின் வாசல். இரண்டு பேர் கட்டிங் போட்டால்கூட ஆளுக்கு 30 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீரில், 8 சதவீதம் என்றால், 40 கிராம்.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் கரைப்பது சுமார் 7 முதல் 10 கிராம். மோர் குடித்தாலும் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவன், விடியற்காலை 5 மணிக்கு கேரட், முட்டைக்கோஸ் மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பிக்கப்பை இறக்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். தள்ளாட்டம் இல்லை, பேச்சு தெளிவு. ஆனாலும் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்கு மேலே அவன் இன்னும் இருக்கலாம். குன்னூர் மலைப்பாதையிலோ, 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி பாதையிலோ பிரேக்கை அரை நொடி தாமதமாக மிதித்தால் என்ன ஆகும் என்பது இங்கே வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு ஓட்டி முதல்முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இல்லையேல் இரண்டும் என்பது சட்டம். மறுநாள் காலையில் மீதமிருக்கும் போதைக்கும் அதே சட்டம்தான்; இது நம் டிரைவர் பையன்களில் பலருக்குத் தெரியவில்லை.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? அவசரத்தை அடக்கி, விளைவை யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன் குடி நுழைந்தால் பிற்காலத்தில் அடிமையாகும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 2019இல் மதுவால் உலகெங்கும் இறந்தவர்கள் சுமார் 26 லட்சம் பேர். அவ்வளவு சாவுகளும் முதுமையில் கல்லீரல் கெட்டு வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்களின் சாவில் மதுவின் பங்கு மற்ற வயதினரைவிட அதிகம்.

இன்னொரு எண்ணையும் இளைஞர்களிடம் சொல்ல வேண்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் 25.4 சதவீதம். நாட்டின் சராசரியைவிட இது அதிகம், கவலைக்குரியது. அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், நான்கில் மூன்று ஆண்கள் குடிப்பதில்லை. 'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்று ஒரு பையன் நம்புவது அவன் செட்டில் குடிக்கிற நான்கு பேரை மட்டும் பார்ப்பதால். குடிக்காதவர்கள் சத்தம் போடுவதில்லை. அதனால் அவர்கள் கணக்கில் வருவதில்லை.

'குளிருக்குத்தான்'

மலையில் குடிக்கு ஒரு தனிச் சாக்கு உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும். ஒரு பெக் போட்டால் உடம்பு சூடாகும் என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். நடப்பது நேர்மாறானது. ஆல்கஹால் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றும். அந்த நேரத்தில் உடம்பின் உட்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். நடுக்கமும் குறைந்துவிடுவதால் உடம்பு தன்னைச் சூடாக்கிக்கொள்ளும் வழியும் அடைபடும். ஊருக்குத் தெரியாமல் தேயிலைத் தோட்டத்துக்குள் உட்கார்ந்து குடித்து அங்கேயே தூங்கிப்போகிற பையனுக்கு இது உயிருக்கே ஆபத்து. யானையும் காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடங்களில் அந்த ஆபத்து இரட்டிப்பாகிறது.

சளி பிடித்த குழந்தைக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அன்போடு செய்வதுதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை அது ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். மது ஒரு மருந்து என்ற நம்பிக்கையையும் அது வீட்டுக்குள் விதைத்துவிடுகிறது. பாட்டி கையால் 'மருந்தாக' வந்ததை பதினைந்து வயதில் அண்ணன் கையால் வாங்கிக்கொள்ள ஒருவனுக்குத் தயக்கம் எப்படி வரும்? அங்கன்வாடி ஊழியர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் தாய்மார்களிடம் பேச வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

குளிரைவிடப் பெரிய காரணம் பிழைப்பிலும் மாலை நேரத்திலும் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலை சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாமல் ஆண்டுகள் பல ஆகிவிட்டன. படித்த பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். தங்கியவர்களுக்கு டாக்ஸி, காட்டேஜ், கட்டட வேலை, காய்கறி லோடு. சீசனில் தினமும் கையில் காசு, மழைக்காலத்தில் வாரக்கணக்கில் வேலையே இல்லை. இரண்டு நிலையும் குடிக்கு வசதியானவைதான். மாலை 6 மணிக்குப் பனிமூட்டம் இறங்கிவிடும், கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும், மைதானம் சேறாகக் கிடக்கும், சமுதாயக் கூடம் பூட்டியிருக்கும். அந்த நேரத்தில் பதினெட்டு வயதுப் பையனுக்குத் திறந்திருக்கும் இடம் எது என்று ஒவ்வொரு ஊரும் எண்ணிப் பார்க்கலாம்.

கடையை மூடினால் போதுமா

2003 நவம்பரில் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. 2016இல் 500 கடைகள் மூடப்பட்டன; பகல் 12 மணிக்குத்தான் திறக்க வேண்டும் என்று நேரமும் குறைந்தது. 2017இல் இன்னும் 500, 2023 ஜூனில் இன்னொரு 500. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவால் 2017இல் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் இடம் இழந்தன. அவற்றில் பல ஊருக்குள் குடியேற முயன்றதால்தான் அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் 2023–24இல் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. வரி ஏற்றத்துக்கும் அதில் பங்கு உண்டு. இருந்தாலும் கடை எண்ணிக்கை குறைந்த அளவுக்குக் குடி குறையவில்லை என்பது தெளிவு.

பள்ளியின் பக்கத்திலும் கோயிலின் பக்கத்திலும் இருக்கும் கடையை மூடச் சொல்லிப் போராடுவதில் முழு நியாயம் இருக்கிறது. நகராட்சிப் பகுதியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. கடை தூரமாகப் போவது இளையவர்களுக்கு நல்லதுதான். எளிதில் கிடைக்காத பொருளை எவரும் குறைவாகவே எடுப்பார்கள். மூடிய கடையின் இடத்தில் சந்துக்கடை முளைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஊருக்குத்தான் அந்தப் பலன் கிடைக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. விற்பவரை ஊரே அறிந்திருந்தும் பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய பாடம் வேண்டாம்.

நம் மாவட்டத்திலிருந்தே ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. காட்டிலும் புல்வெளியிலும் உடைந்து கிடந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேட்டது. அதன்பின் 2022 மே மாதம் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் நீலகிரியில்தான் முதலில் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அதே 10 ரூபாயைத் தருகிறார்கள். 'பாட்டிலை எறியாதீர்கள்' என்ற பலகை செய்யாததை அந்தப் பத்து ரூபாய் செய்தது. குடிப்பவரின் மனதை மாற்ற யாரும் முயலவில்லை; கைமாறும் இடத்தில் ஒரு சின்ன விதி வந்தது, கடைக்காரர் அதை ஒவ்வொரு முறையும் கடைப்பிடித்தார். வயது கேட்பதையும் அதே கண்டிப்போடு செய்ய முடியும். 21க்குக் கீழே தெரிகிற எவரிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று ஊரார் எழுத்து மூலம் மேற்பார்வையாளரிடமும் கோட்டாட்சியரிடமும் கொடுத்து, மாதம் ஒருமுறை போய் விசாரித்தால் கவுன்டரில் நிற்பவருக்கும் அது துணை. தகராறு செய்யும் வாடிக்கையாளரிடம் 'ஊரில் கேட்கிறார்கள்' என்று சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கொடுக்கிற கையை நிறுத்துவது

வெளிநாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் 1990களில் 15 ஊர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வதை விட்டுவிட்டு, அவர்களுக்கு மது போய்ச் சேரும் வழிகளில் ஊராரை வேலை செய்ய வைத்தார்கள். விற்பவர்கள் வயதைச் சோதிப்பது கூடியது. 18 முதல் 20 வயதுக்காரர்கள் மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது குறைந்தது. குளிரும் இருட்டும் நிறைந்த ஐஸ்லாந்தில் 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதத்தினர் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். அங்கே பெற்றோர்கள் கூடி, எங்கள் வீட்டில் யார் பிள்ளைக்கும் மது தரமாட்டோம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். மாலைகளை விளையாட்டும் இசையும் நிரப்பின. அந்த நாட்டிடம் இருந்த பணம் நம் பஞ்சாயத்திடம் இல்லை. ஒப்பந்தம் போடப் பணம் தேவையில்லை.

நம் ஊரில் அந்த ஒப்பந்தம் எப்படி இருக்கும்? படுகர் ஊர்களில் ஊர்க்கூட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கல்யாணம், சாவு, திருவிழா மூன்றிலும் என்ன நடக்கலாம், என்ன கூடாது என்று முடிவு செய்யும் இடம் அது. விருந்து வீட்டில் மது வைக்கக் கூடாது, வைத்தால் அந்த வீட்டுக்கு ஊர் போகாது என்று பெரியவர்கள் சொன்னால் எடுபடும். எஸ்டேட் லைன்களில் இதைத் தொழிற்சங்கமும் கோயில் கமிட்டியும் செய்யலாம். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்புகளில் கோயில் கமிட்டிதான் பலமான அமைப்பு. லோடு வேலைக்கும் கட்டட வேலைக்கும் கூலியோடு பாட்டில் கொடுக்கும் பழக்கத்தை மேஸ்திரிகளும் வண்டி உரிமையாளர்களும் கூடி ஒரே நாளில் நிறுத்த வேண்டும். ஒருவர் மட்டும் நிறுத்தினால் ஆள் அடுத்தவரிடம் போய்விடும்.

அபராதத்தை யார் மேல் போடுவது என்பதில் கவனம் வேண்டும். குடித்த பையனைக் கூட்டத்தில் நிறுத்தி அவமானப்படுத்தும் ஊர்களில் குடி நிற்பதில்லை. அது தோட்டத்துக்குள்ளும் காட்டோரத்துக்கும் போகிறது. வாங்கிக் கொடுத்த 25 வயதுக்காரனைக் கேளுங்கள். பையனிடம் அவன் மதிக்கிற ஒருவர் தனியாகப் பேசட்டும்.

சபரிமலைக்கும் பழனிக்கும் மாலை போட்ட நாட்களில் தினமும் குடிக்கிறவர்கள்கூடத் தொடுவதில்லை. கழுத்தில் மாலையைப் பார்த்த எவரும் அவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பதும் இல்லை. பக்தி அதில் இருக்கிறது. கூடவே, கொடுக்கும் கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பின்வாங்குகின்றன. ஊர் ஒன்றாக நின்றால் அது முடியும் என்பதற்குச் சான்று ஆண்டுதோறும் கார்த்திகையில் நம் கண்முன் இருக்கிறது.

இந்த வேலை முழுவதையும் மகளிர் குழுக்களின் தலையில் வைத்துவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் மதுவுக்கு எதிராக முன்னால் நின்றவர்கள் பெண்கள். அடி வாங்கியவர்களும் அவர்கள். ஆனால் வாங்கிக் கொடுக்கிற கை ஆணுடையது. கிரிக்கெட் டீம் கேப்டன், டாக்ஸி ஸ்டாண்டு தலைவர், குடியை விட்ட மூத்தவர் இவர்கள் பேசினால்தான் பையன்கள் காது கொடுப்பார்கள். டோர்னமென்ட் வெற்றிக்குச் சரக்குப் பார்ட்டி கிடையாது என்று கேப்டன் ஒருவர் முடிவெடுத்தால், அது பள்ளியில் நடக்கும் பத்து விழிப்புணர்வுக் கூட்டத்துக்குச் சமம். பூட்டிய சமுதாயக் கூடத்தை மாலை 6 முதல் 9 வரை திறந்து ஒரு கேரம் போர்டும் டேபிள் டென்னிஸ் மேசையும் வைப்பதற்குப் பஞ்சாயத்துத் தீர்மானமும் சாவிக்குப் பொறுப்பான ஒருவரும் போதும்.

கூடலூர், பந்தலூர் ஆதிவாசி ஊர்களைப் பற்றி ஒரு சொல். குடி அவர்களின் இயல்பு என்று வெளியார் பேசுவதைக் கேட்கும்போது கோபம் வருகிறது. நிலத்தை இழந்து கூலியாக்கப்பட்ட சமூகத்தில் குடி எப்படிப் பரவியது என்ற கேள்வியை அந்தப் பேச்சு மூடி மறைக்கிறது. 1980களில் நில உரிமைக்காகத் தொடங்கிய ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், அந்த இயக்கத்தின் வழியே வளர்ந்த கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையும் ஒரு வழியைக் காட்டியிருக்கின்றன. அந்தந்த ஊரிலிருந்தே சுகாதாரப் பணியாளரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது. குடியைப் பற்றிப் பேச வேண்டியவரும் அதே மொழி பேசும் அதே ஊர்க்காரராக இருந்தால்தான் பேச்சு தொடங்கும்.

பேசுவதற்கு மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடந்து, 2017இல் முடிவு வெளியானது. மருத்துவப் படிப்பில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், குடியால் தீங்கு தொடங்கிவிட்ட ஆண்களிடம் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். கிடைக்காதவர்களில் 26 சதவீதம். எத்தனை நாள், எவ்வளவு, எதனால், என்ன இழந்தாய், எதைக் குறைக்க முடியும் என்ற எளிய கேள்விகள்தான். ஊருக்கு இரண்டு பேர் இதைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கணக்கில் தினமும் குடிப்பவர் விஷயம் வேறு. ஊர் திடீரென்று மது வரும் வழியை அடைத்தாலோ, வீட்டில் பூட்டி வைத்தாலோ இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தாலுகா அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போய், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். ஊர்க்கூட்டத்தில் மது கூடாது என்று தீர்மானம் போடுவதற்கு முன்பே, ஊரில் அப்படி யார் யார் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக அறிந்து வைத்துக்கொள்வது பெரியவர்களின் கடமை. போதை மீட்புக்கு தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு 14416, சிறுவர் சம்பந்தப்பட்டதென்றால் 1098.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. 'மதுவை ஒழிக்க வேண்டும்' என்ற பொதுத் தீர்மானம் கோப்பில் போய்ப் படுத்துவிடும். அதற்குப் பதிலாக, கவுன்டரில் அடையாள அட்டை கேட்பது, விருந்துகளில் மது தவிர்ப்பு, சமுதாயக் கூடத்தின் மாலை நேரம், இவற்றுக்குப் பொறுப்பானவர் பெயர், அடுத்த கிராமசபையில் அவர் அறிக்கை தர வேண்டும் என்பது வரை எழுதிப் பதிவு செய்யலாம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் பஞ்சாயத்துத் தலைவர்தான். 77ஆம் பிரிவை ஊருக்குப் படித்துக் காட்ட அந்தக் குழுவும் பள்ளி மேலாண்மைக் குழுவும் போதும். சந்துக்கடை பற்றிப் புகார் சொல்ல 10581 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. ஒருவர் மட்டும் சொல்லி ஊரில் பகையாகிவிடாமல் இருக்க, பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்து கையெழுத்திட்டு மனுவாகவும் கொடுத்து, அதன் ஒப்புகைச் சீட்டைக் கிராமசபைப் பதிவேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.